முதல் ஆங்கில நாவலாக எதைக் கொடுப்பது?

ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவர் வந்து "படிக்கிறதுக்குச் சின்னதா ஒரு நாவல் சொல்லுங்க" என்று கேட்டால், அலமாரியில் இருப்பதிலேயே ஒல்லியான புத்தகத்தை எடுத்து நீட்டுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. இல்லாவிட்டால் நாம் எப்போதோ பாடமாகப் படித்த ஒரு கிளாசிக்கின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அவர் ஆசையாக ஆரம்பிப்பார், பத்துப் பதினைந்து பக்கம் போவார், அப்புறம் அந்தப் புத்தகத்தைப் பற்றி அவரும் பேசமாட்டார், நாமும் கேட்கமாட்டோம். நடுவில் 'நமக்கெல்லாம் இங்கிலீஷ் வராது' என்று அவர் தனக்குள் ஒரு முடிவுக்கு வந்திருப்பார். உண்மையில் கோளாறு அவருடைய ஆங்கிலத்தில் இல்லை, பரிந்துரையில்தான்.

முதல் நாவலிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: மாணவர் அதைக் கடைசிப் பக்கம் வரை படித்து முடிக்க வேண்டும். இலக்கியத் தரம், நோபல் பரிசு, 'எல்லாரும் படிக்க வேண்டிய 100 புத்தகங்கள்' பட்டியல் எல்லாம் அப்புறம். ஒரு முழு ஆங்கில நாவலை முடித்தவர் அடுத்ததைத் தானே தேடிப் போவார். பாதியில் விட்டவரை மறுபடி இழுத்து வருவது பெரும்பாடு. கீழே சொல்வதெல்லாம் ஆசிரியர்களுக்கும், டியூஷன் எடுப்பவர்களுக்கும், தம்பி தங்கைக்குப் புத்தகம் தேடும் அக்கா அண்ணன்களுக்கும். கற்பவரே தனக்குத் தேடிக்கொள்கிறார் என்றாலும் பயன்படும்.

ஒல்லி வேறு, எளிது வேறு

முதலில் இதைத் தீர்த்துக்கொள்வோம். ஜோசப் கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' சுமார் 38,000 சொற்கள்தான், 1899-இல் பத்திரிகையில் வந்த கதை, பையில் போட்டால் இருப்பதே தெரியாது. ஆனால் ஒருவர் சொன்ன கதையை இன்னொருவர் நமக்குச் சொல்கிறார், மேற்கோள் குறிக்குள் மேற்கோள் குறி வருகிறது, வாக்கியங்கள் மூச்சு விடாமல் ஓடுகின்றன, எழுவாய் எங்கே இருக்கிறது என்று திரும்பிப் போய்த் தேட வேண்டியிருக்கிறது. கான்ராடுக்கு ஆங்கிலம் போலிஷுக்கும் பிரெஞ்சுக்கும் அடுத்து வந்த மூன்றாவது மொழி. இந்தத் தகவலைச் சொல்லி மாணவரை உற்சாகப்படுத்துங்கள், புத்தகத்தை மட்டும் இப்போது கொடுக்காதீர்கள்.

'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' இன்னொரு பொறி. 1865-இல் வந்த குழந்தைகள் புத்தகம், 27,000 சொற்கள் கூட இருக்காது. குழந்தைகளுக்கு எழுதியது என்பதால் சுலபம் என்று நினைத்துக்கொள்கிறோம். அதில் நகைச்சுவை பாதிக்கு மேல் சிலேடை. நடுவில் வரும் பாட்டுகளோ அந்தக் காலத்து ஆங்கிலேயப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த செய்யுள்களைக் கிண்டல் செய்பவை. கிண்டலுக்கு ஆளான செய்யுளையே கேள்விப்படாதவர் எந்த இடத்தில் சிரிப்பார்? 'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்' (1886) கதை உலகத்துக்கே தெரியும், ஆனால் மூலத்தில் அது வக்கீல் ஒருவரின் கண் வழியாக, விக்டோரியக் காலத்துச் சுற்றிவளைத்த நடையில் வருகிறது. அதைச் சுருக்கிய பதிப்பில் படிப்பதுதான் கற்பவருக்கு நல்லது.

பழைய புத்தகங்கள்தான் கஷ்டம் என்றும் சொல்லிவிட முடியாது. கிளேர் கீகனின் 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்' 2021-இல் வந்தது, நூற்றுச் சொச்சம் பக்கம், சொற்களும் பயமுறுத்துவதில்லை. ஆனால் முக்கியமான விஷயங்களை ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்வதே இல்லை, அயர்லாந்தின் ஒரு சிறு ஊரில் யார் எதற்காக வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள் என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் நன்றாகத் தேறியவருக்கு அருமையான புத்தகம். தட்டுத் தடுமாறிப் படிப்பவருக்கு 'ஒன்றுமே நடக்கவில்லையே' என்றுதான் தோன்றும்.

இலவசமாகக் கிடைப்பதைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. புராஜெக்ட் குட்டன்பெர்க் போன்ற தளங்களில் ஆயிரக்கணக்கான நாவல்கள் சும்மா கிடைக்கின்றன. ஆனால் காப்புரிமை முடிந்தால்தான் அங்கே வர முடியும் என்பதால் அவற்றில் பெரும்பாலானவை ரொம்பப் பழையவை. காசில்லாமல் கிடைப்பதும் கற்பவருக்குக் கடினமாக இருப்பதும் அங்கே ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. எச். ஜி. வெல்ஸின் 'தி டைம் மெஷின்' (1895) மாதிரி கதை வேகமாக ஓடும் ஒன்றிரண்டைத் தவிர, ஆரம்பநிலைக்காரருக்கு அந்த அலமாரியைக் காட்டாமல் இருப்பதே உத்தமம். நூலகத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள்.

பெயர் சொல்வதற்கு முன்னால் கேளுங்கள்

"உன் லெவல் என்ன?" என்று கேட்டால் பெரும்பாலும் உருப்படியான பதில் வராது. ஏ2, பி1 (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின் படிகள்) என்று தேர்வு எழுதி வாங்கிய சான்றிதழ் கையில் இருந்தால் சரி, அது ஓரளவு உதவும். இல்லாவிட்டால் வேறு மாதிரி கேளுங்கள். தாய்மொழியில் கடைசியாக விரும்பி முடித்த புத்தகம் எது? புத்தகமே படிக்காதவர் என்றால், எந்த மாதிரிப் படம், எந்த மாதிரித் தொடர் பார்த்தால் தூக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்? கொலை, துப்பறிதல் பிடித்தவருக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும். மனதை உருக்கும் பண்ணைக் கதை எவ்வளவு எளிய ஆங்கிலத்தில் இருந்தாலும் அவர் படிக்கமாட்டார். கதையில் ஆர்வம் இருந்தால் தெரியாத சொல்லைத் தாண்டிக் குதித்துப் போவார், இல்லாவிட்டால் தெரிந்த சொற்களிலேயே நின்றுவிடுவார்.

வயதையும் பாருங்கள். முப்பது வயதுக்காரர் வேலைக்காக ஆங்கிலம் கற்கிறார் என்று வையுங்கள், அவர் கையில் நரி படம் போட்ட அட்டையைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், ஆனால் பஸ்ஸிலோ அலுவலகத்திலோ அதை வெளியே எடுக்கமாட்டார். இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள், நிறைய புத்தகங்கள் இந்தக் கூச்சத்தினாலேயே முடிக்கப்படாமல் போகின்றன. வளர்ந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டியதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் படிக்க முடியும் என்பதையும் கேட்டு, அவர் எதிரிலேயே கணக்குப் போட்டுக் காட்டுங்கள். கற்கும் நிலையில் ஒருவர் நிமிடத்துக்கு 100 சொல் படிப்பதாக வைத்துக்கொண்டால் 30,000 சொல் நாவலுக்கு 300 நிமிடம், தினம் 20 நிமிடம் ஒதுக்கினால் பதினைந்து நாள். 'ஒரு முழு ஆங்கில நாவல் பதினைந்து நாளில்' என்று கேட்கும்போதே பாதி மலைப்பு போய்விடும். 80,000 சொல் நாவலுக்கு அதே கணக்கு நாற்பது நாள், அதற்குள் முதல் அத்தியாயத்தில் வந்த ஆட்களெல்லாம் மறந்துபோவார்கள். சின்ன நாவலைத் தேடுவதற்கு உண்மையான காரணம் இதுதான்.

ஒரு பக்கத்தை எடுத்துப் பாருங்கள்

சொல்வளம் பற்றி ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் பால் நேஷன். அவரும் ஹூ என்ற ஆய்வாளரும் சேர்ந்து 2000-இல் வெளியிட்ட ஆய்விலிருந்துதான் அடிக்கடி சொல்லப்படும் 98 சதவீதக் கணக்கு வருகிறது: அகராதி, ஆசிரியர் என்று எந்தத் துணையும் இல்லாமல் ஒரு கதையைச் சுகமாகப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் ஏறக்குறைய 98 சதவீதம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம். சாதாரண பேப்பர்பேக்கில் ஒரு பக்கத்துக்கு 250 முதல் 300 சொல் வரும், அப்படியானால் பக்கத்துக்கு ஐந்தாறு புதுச் சொல். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உதவப் போகிறீர்கள் என்றால் இருபதுக்கு ஒன்று வரை தாங்கும், அதற்கு மேல் போனால் படிப்பது நின்று தோண்டுவது ஆரம்பித்துவிடும்.

இதை வீட்டிலோ வகுப்பிலோ செய்வது சுலபம். புத்தகத்தை நடுவில் எங்காவது திறந்து ஒரு பக்கத்தை மாணவரிடம் கொடுத்து, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். ஒரு கை விரல் தீர்ந்து இரண்டாவது கைக்குப் போனால் யோசியுங்கள், இரண்டு கையும் தீர்ந்தால் புத்தகத்தை வாங்கி வைத்துவிடுங்கள். முதல் பக்கத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். நிறைய நாவல்களில் முதல் இரண்டு பக்கம் இடத்தையும் வானிலையையும் வர்ணித்துக்கொண்டிருக்கும், மொத்தப் புத்தகத்திலேயே கரடுமுரடான பகுதி அதுவாக இருக்கும். மாறாக, கவனமாகச் செதுக்கிய முதல் பக்கம் வழுக்கிக்கொண்டு போய் மூன்றாம் அத்தியாயத்தில் கவிழ்க்கவும் செய்யும்.

விரல் கணக்கில் சிக்காத சில விஷயங்களை நீங்கள்தான் பார்க்க வேண்டும். உரையாடல் கொச்சையில் இருக்கிறதா? அகராதியில் தேடினால் கிடைக்காத எழுத்துக்கூட்டல் நாலு வரிக்கு ஒன்று வந்தால் மாணவர் தன்னைத்தான் சந்தேகப்படுவார். முதல் அத்தியாயத்தில் எத்தனை பேர் அறிமுகமாகிறார்கள்? அகதா கிறிஸ்டியின் நடை கற்பவர்களுக்கு நன்றாக ஒத்துவரும், ஆனால் 'அண்ட் தென் தேர் வேர் நன்' நாவலின் தொடக்கத்திலேயே எட்டுப் பேருக்கு மேல் வரிசையாக வந்து நிற்பார்கள், ஒரு தாளில் பெயர் எழுதி வைத்துக்கொள்ளாமல் தாக்குப்பிடிக்க முடியாது. கதை முன்னும் பின்னும் தாவுகிறதா? அத்தியாயங்கள் எவ்வளவு நீளம்? நாலைந்து பக்கத்துக்கு ஒரு அத்தியாயம் முடியும் புத்தகம், நீளமாகவே இருந்தாலும், ஒரே மூச்சில் போகும் சின்னப் புத்தகத்தைவிடச் சீக்கிரம் முடியும்.

கிரேடட் ரீடரை மட்டமாக நினைக்காதீர்கள்

கற்பவர்களுக்காகவே சொல் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி எழுதும் கிரேடட் ரீடர்களை 'இது அசல் இல்லையே' என்று ஒதுக்குபவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்கள் ஆங்கிலத்தில் ஏற்கெனவே கரை சேர்ந்தவர்கள். ஆக்ஸ்ஃபோர்டு புக்வோர்ம்ஸ் வரிசையில் ஸ்டார்ட்டர் நிலை 250 அடிப்படைச் சொற்களில் தொடங்குகிறது, முதல் நிலை 400, இரண்டு 700, மூன்று 1,000, நான்கு 1,400, ஐந்து 1,800, ஆறு 2,500. ஆயிரம் சொல் தெரிந்தவர் மூன்றாம் நிலைப் புத்தகத்தை ஒரு வாரத்தில் முடித்துவிட்டு 'ஒரு புத்தகம் படிச்சேன்' என்று சொல்ல முடியும். அசல் நாவலில் அவருக்கு அந்தச் சுகம் கிடைக்க இன்னும் வருடக்கணக்கில் ஆகும், ஏனென்றால் நேஷனின் 2006 கணக்குப்படி சாதாரண நாவலில் அந்த 98 சதவீதத்தை எட்ட எட்டாயிரம் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு மூலச் சொல்லும் அதிலிருந்து வரும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை.

தேர்ந்தெடுக்கும்போது ஒரு விஷயம் பாருங்கள். கிரேடட் ரீடர்களில் பெரிய கிளாசிக்கைச் சுருக்கியவை ஒரு வகை, கற்பவர்களுக்கென்றே புதிதாக எழுதிய கதைகள் இன்னொரு வகை. கேம்பிரிட்ஜ் இங்கிலீஷ் ரீடர்ஸ் வரிசை இந்த இரண்டாவது வகைக்குப் பேர் போனது. எண்ணூறு பக்க நாவலை எண்பது பக்கமாக்கும்போது சம்பவங்கள் மட்டும் தந்தி மாதிரி மிஞ்சும், மனிதர்கள் காணாமல் போவார்கள். திகில், துப்பறிதல், சாகசம் சுருக்கினாலும் தாங்கும். குடும்பக் கதைகளும் காதல் கதைகளும் தாங்காது, அந்த இடத்தில் புதிதாக எழுதியவற்றையே எடுங்கள்.

மாணவரின் உண்மையான நிலைக்கு ஒரு படி கீழே ஆரம்பியுங்கள். அவர் "இது ரொம்ப ஈஸியா இருக்கே" என்று குறைப்பட்டுக்கொண்டால் உங்கள் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம், அடுத்த புத்தகத்தில் ஒரு படி ஏற்றிக்கொள்ளலாம்.

அசல் நாவல்கள்: எதை, யாருக்கு

கிரேடட் ரீடரின் நான்கு, ஐந்தாம் நிலையிலிருந்து நேராகப் பெரியவர்கள் நாவலுக்குத் தாவினால் நடுவில் பள்ளம் இருக்கிறது. அதைத் தாண்ட உதவுவது பத்துப் பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கு எழுதப்பட்ட நாவல்கள். கவனம், ஆங்கிலத்திலேயே வளர்ந்த பத்து வயதுக் குழந்தைக்குக் கற்பவரைவிட ஆயிரக்கணக்கில் அதிகம் சொல் தெரியும், குறிப்பாக வீட்டுப் பொருள், விலங்கு, சத்தம், அசைவு பற்றிய சொற்கள். 'ஷார்லட்ஸ் வெப்' (1952) நடை தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்கும், ஆனால் பண்ணையில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் தீவனத்துக்கும் தனிப் பெயர் வரும். அவற்றை விட்டுவிட்டுப் படிக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மிகச் சிறியதிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமென்றால் பட்ரீஷியா மக்லாக்லனின் 'சாரா, ப்ளெய்ன் அண்ட் டால்' (1985). சுமார் 8,000 சொல், ஒன்பது அத்தியாயம். தாயில்லாத இரண்டு பிள்ளைகள், மறுமணத்துக்காகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்த அப்பா, கடலோரத்திலிருந்து புல்வெளிக்கு வந்து சேரும் ஒரு பெண், அவள் தங்குவாளா போய்விடுவாளா என்ற ஒரே கேள்வி. வாக்கியங்கள் குட்டி குட்டியாக இருக்கும். பெரியவர்களுக்கும் கூச்சமில்லாமல் கொடுக்கலாம். சிரிக்க வேண்டும் என்பவருக்கு ரோல்ட் டாலின் 'ஃபென்டாஸ்டிக் மிஸ்டர் ஃபாக்ஸ்' (1970), அதுவும் பத்தாயிரம் சொல்லுக்குள்தான். அதே டாலின் 'தி பி.எஃப்.ஜி.'யை மட்டும் தள்ளி வையுங்கள், அதில் வரும் ராட்சதன் பேசுவதே அவனாகக் கண்டுபிடித்த ஆங்கிலம், பாவம் மாணவர் அதையெல்லாம் அகராதியில் தேடிக்கொண்டிருப்பார்.

லோயிஸ் லோரியின் 'நம்பர் தி ஸ்டார்ஸ்' (1989) நான் அதிகம் சொல்லும் புத்தகங்களில் ஒன்று. 27,000 சொல் அளவு. 1943, ஜெர்மனி பிடித்துவைத்திருக்கும் கோபன்ஹேகன், பத்து வயதுப் பெண் ஒருத்தி தன் யூதத் தோழியைக் காப்பாற்ற உதவுகிறாள். கதை நேர்கோட்டில் போகிறது, மொழி சாதாரண பள்ளி ஆங்கிலம், ஆனால் விஷயம் குழந்தைத்தனமானது இல்லை. மொழி எளிது, விஷயம் கனம் என்ற இந்தச் சேர்க்கைதான் கற்பவருக்குத் தேடிப் பிடித்துக் கொடுக்க வேண்டியது.

லூயிஸ் சேக்கரின் 'ஹோல்ஸ்' (1998) கொஞ்சம் நீளம், 47,000 சொல், ஆனால் ஐம்பது அத்தியாயம், சில அத்தியாயங்கள் இரண்டே பக்கம். செய்யாத திருட்டுக்காக ஒரு பையனை முகாமுக்கு அனுப்பி, தினம் ஒரு குழி தோண்ட வைக்கிறார்கள், எதற்கு என்று யாரும் சொல்வதில்லை. நடுநடுவே பழைய காலத்துக் கதைகள் குறுக்கிடும், முதலில் அது குழப்பும் என்பதை மட்டும் எச்சரித்துவிடுங்கள். 2003-இல் படமாகவும் வந்தது, திரைக்கதை எழுதியது சேக்கரே என்பதால் கதை அவ்வளவாக மாறவில்லை. படத்தை முதலில் பார்த்துவிட்டு வந்து படிக்கட்டும். 'படம் பார்த்தால் படிக்கமாட்டான்' என்பது தாய்மொழியில் படிப்பவர்களுக்குப் பொருந்தலாம், கற்பவருக்குக் கதை முன்பே தெரிந்திருப்பது பெரிய உதவி.

செய்யுள் வடிவ நாவல்களை நம்மில் பலர் கவனிப்பதே இல்லை. 'கவிதையா, ஐயோ' என்று பயப்பட வேண்டாம், சின்னச் சின்ன வரிகளாக உடைத்த உரைநடை என்றே வைத்துக்கொள்ளலாம், பக்கத்தில் பாதி வெறும் வெள்ளை. தன்ஹா லாயின் 'இன்சைட் அவுட் அண்ட் பேக் அகெய்ன்' (2011) கற்பவருக்கென்றே எழுதியது மாதிரி இருக்கும்: 1975-இல் சைகோனிலிருந்து குடும்பத்தோடு தப்பி அமெரிக்காவுக்குப் போகும் பத்து வயதுப் பெண், ஆங்கில இலக்கண விதிகளோடு மல்லுக்கட்டி எரிச்சல்படுகிறாள். அந்த எரிச்சல் நம் மாணவர்களுக்கு விளக்கம் இல்லாமலே புரியும்.

இனி எல்லாரும் சொல்லும் பெயர்களுக்கு வருவோம். ஹெமிங்வேயின் 'தி ஓல்டு மேன் அண்ட் தி ஸீ' (1952). 27,000 சொல் அளவு, எளிய வாக்கியம், ஒரு கிழவர், ஒரு மீன். பரிந்துரை பாதி சரி. வாக்கிய அமைப்பைப் பார்த்தால் கற்பவருக்கு இதைவிட இதமான நடை கிடைப்பது அரிது. ஆனால் படகு, கயிறு, தூண்டில், மீன் வகை என்று துறைச் சொற்கள் நிறைய, நடுவில் ஸ்பானிய வார்த்தைகள், எல்லாவற்றுக்கும் மேலாக அத்தியாயப் பிரிவே கிடையாது. நிறுத்தி மூச்சு வாங்க இடமில்லாத புத்தகத்தைத் தினம் இருபது நிமிடம் படிப்பவர் எங்கே விட்டோம் என்று தேடிக்கொண்டே இருப்பார். கொடுக்கும்போது நீங்களே பென்சிலால் ஏழெட்டு இடத்தில் கோடு போட்டு 'இன்றைக்கு இதுவரை' என்று பிரித்துக் கொடுங்கள், பிரச்சினை பெரிதும் தீர்ந்துவிடும். ஒரு கிழவர் கடலில் தனியாகத் தவிப்பதை ரசிக்கப் பொறுமை இருக்கிறதா என்பது வேறு கேள்வி, பதினைந்து வயதுக்காரர்களில் பலருக்கு இருப்பதில்லை.

ஜார்ஜ் ஆர்வெல்லின் 'அனிமல் ஃபார்ம்' (1945) அதைவிடப் பாதுகாப்பான தேர்வு. 30,000 சொல், பத்து அத்தியாயம், கொச்சை மொழி கிடையாது, கதை வரிசையாக நகர்கிறது, ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் நாலாம் அத்தியாயத்துக்குள் பழகிவிடும். ஒரு வேண்டுகோள், ரஷ்யப் புரட்சி பற்றிய விரிவுரையை முன்னால் வைக்காதீர்கள். பண்ணையைப் பிடித்த விலங்குகளுக்கு என்ன ஆனது என்றே முதல் தடவை படிக்கட்டும். சுவரில் எழுதிய சட்டங்கள் ஒவ்வொன்றாக மாறுவதை அவரே கண்டுபிடிக்கும்போது வரும் கோபத்தை நம் விரிவுரை கெடுத்துவிடும்.

ஜான் ஸ்டைன்பெக்கிடம் இரண்டு சின்ன நாவல்கள் இருக்கின்றன, பெரும்பாலும் தப்பானதைத்தான் எடுத்துக் கொடுக்கிறோம். 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' (1937) பெரிய பெயர், ஆறே பகுதி, நாடகம் மாதிரி முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சு முழுக்கக் கலிஃபோர்னியப் பண்ணைக் கூலிகளின் கொச்சை, இலக்கணம் கற்றுக்கொண்டிருப்பவர் நேற்றுப் படித்த விதியை ஒவ்வொரு வரியும் உடைக்கும். இன வசவுகளும் வருகின்றன, சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 'தி பேர்ல்' (1947) அதைவிடக் கொஞ்சம் சிறியது, உரையாடல் குறைவு, ஒரு ஏழை முத்துக்குளிப்பவன், அவன் மனைவி, தேள் கொட்டிய குழந்தை, பார்க்க மறுக்கும் வைத்தியர், அப்புறம் ஒரு பெரிய முத்து. வர்ணனை வாக்கியங்கள் சில இடத்தில் நீளும், ஆனால் நாட்டுப்புறக் கதை போல ஓட்டம் இருப்பதால் தொலைந்து போகமாட்டார். பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இதைத்தான் நான் முதலில் நீட்டுவேன்.

சாண்ட்ரா சிஸ்னெரோஸின் 'தி ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்' (1984) 44 துணுக்குகளால் ஆனது, பலவும் ஓரிரு பக்கம்தான். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். பேச்சுக்கு மேற்கோள் குறி போடும் பழக்கம் அதில் இல்லை, யார் பேசுகிறார்கள் என்று ஆரம்பத்தில் தடுமாறுவார்கள், முதல் மூன்று துணுக்கைச் சேர்ந்து படித்துவிட்டால் பிடிபட்டுவிடும். பாலியல் வன்முறை வரும் பகுதிகளும் உண்டு, மாணவரின் வயதைப் பார்த்து முடிவெடுங்கள்.

மார்க் ஹாடனின் 'தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட்-டைம்' (2003) சின்னது என்று சொல்ல முடியாது, 60,000 சொல்லைத் தாண்டும். ஆனாலும் சேர்க்கிறேன், ஏனென்றால் கதை சொல்லும் பதினைந்து வயதுப் பையனுக்கு உருவகம், மரபுத்தொடர் எதுவும் பிடிக்காது, நடந்ததை நடந்தபடி வரிசையாகச் சொல்கிறான், இடையிடையே படம் வரைந்து விளக்குகிறான். அக்கம்பக்கத்து நாயைக் கொன்றது யார் என்பதே தொடக்கம் என்பதால் துப்பறியும் கதைப் பிரியர்களும் மாட்டிக்கொள்வார்கள். கெட்ட வார்த்தைகள் தாராளமாக வரும், அதையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

வளர்ந்தவர்களுக்கு என்று சொன்னேன் அல்லவா. பிரிட்டனில் 2006-இல் தொடங்கிய 'குயிக் ரீட்ஸ்' வரிசையைத் தேடிப் பாருங்கள். படிப்பதில் தயக்கம் உள்ள பெரியவர்களுக்காகப் பெயர்பெற்ற எழுத்தாளர்களே எழுதிய சின்னப் புத்தகங்கள், குற்றக்கதை, காதல், திகில் எல்லாம் உண்டு, அட்டையைப் பார்த்தால் மற்ற நாவல்களைப் போலவே இருக்கும். மொழிபெயர்ப்பு நாவல்களையும் ஒதுக்க வேண்டாம். பாவ்லோ கோயெல்யோவின் 'தி அல்கெமிஸ்ட்' போர்ச்சுகீசிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது, கதையைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை, ஆனால் அந்த ஆங்கிலத்தில் வட்டார வழக்கு அனேகமாக இல்லாததால் கற்பவர்கள் அதை முடிக்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை என்பது பரிந்துரைக்காமல் இருக்கக் காரணம் ஆகாது.

மாணவர் தனக்குத் தெரிந்த உலகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் படிப்பதும் பெரிய வசதி. ஆர். கே. நாராயணின் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' (1935) ஒருவருக்கு, சினுவா அச்செபேயின் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' (1958) இன்னொருவருக்கு. இரண்டும் இந்தப் பட்டியலில் உள்ள பெரும்பாலானவற்றைவிட நீளம்தான், ஆனால் சூழல் பழக்கமானது என்றால் தெரியாத சொல்லின் அர்த்தத்தைப் பாதி நேரம் ஊகித்துவிடலாம்.

கொடுக்கும் விதம்

பத்துப் பெயர் எழுதிக் கொடுத்தால் பத்தையும் படிக்கமாட்டார். இரண்டு, மிஞ்சினால் மூன்று புத்தகத்தைக் கையில் கொடுத்து அவரையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் படிக்காத புத்தகத்தைப் பரிந்துரைக்காதீர்கள், இணையத்தில் கிடைக்கும் பட்டியலில் யார் வேண்டுமானாலும் பெயரைச் சேர்க்கலாம். முதல் அத்தியாயத்தை நீங்களே சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டால் பெயர்களின் உச்சரிப்பு, கதை நடக்கும் இடம், யார் யாருக்கு என்ன உறவு எல்லாம் அங்கேயே தெளிவாகிவிடும், மீதியை அவர் தனியாகப் படித்துக்கொள்வார்.

அகராதிக்கு ஒரு வரைமுறை வையுங்கள். ஒரு சொல் மூன்றாவது முறை வந்து, அது தெரியாமல் கதை நகரவில்லை என்றால் மட்டும் பார்க்கலாம். மற்றதெல்லாம் போகட்டும். நோட்டில் சொல்லும் பொருளும் எழுதிக்கொண்டே படிக்கச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு, அது நாவலைப் பாடப்புத்தகம் ஆக்கிவிடும்.

ஆடியோ புத்தகம் கிடைத்தால் புத்தகத்தோடு சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். ஆடியோவில் வாசித்துக் காட்டுபவர்கள் பொதுவாக நிமிடத்துக்கு 150 சொல் அளவில் போவார்கள், நம் ஆள் 100-இல் இருக்கிறார், வேகத்தை 0.75 என்று குறைத்தால் 112 ஆகிவிடும், லேசாக இழுக்கும், ஆனால் தவறவிடமாட்டார்.

விட்டுவிடும் உரிமையையும் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். இருபது பக்கம் படித்தும் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, வேறொன்று தருகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சும்மா சொல்லாமல் உண்மையிலேயே முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

முடித்து வந்தால் 'கதைச் சுருக்கம் எழுது' என்று ஆரம்பிக்காதீர்கள். யாரைப் பார்த்தால் எரிச்சல் வந்தது, எந்த இடத்தில் கீழே வைக்கத் தோன்றியது, முடிவு சரியா என்று கேளுங்கள், பதில் தாய்மொழியில் வந்தாலும் பரவாயில்லை. எந்த இடத்தில் போரடித்தது என்ற பதில்தான் அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு உதவும். வர்ணனையில் போரடித்தது என்றால் உரையாடல் மிகுந்ததாகத் தேடுங்கள், ஆட்கள் குழப்பினார்கள் என்றால் கேரி பால்சனின் 'ஹேட்செட்' (1987) மாதிரி ஒன்று, அதில் விமானம் விழுந்து காட்டில் மாட்டிக்கொண்ட ஒரே ஒரு பையன்தான் கிட்டத்தட்ட முழுப் புத்தகமும். ஒன்றுமே போரடிக்கவில்லை என்று சொன்னால் யோசிக்கவே வேண்டாம், அதே ஆசிரியரின் இன்னொரு புத்தகத்தை அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள். அந்த எழுத்தாளரின் சொற்களும் வாக்கியப் பழக்கமும் ஏற்கெனவே அவருக்குப் பிடிபட்டிருக்கும், இரண்டாவது புத்தகம் முதலாவதைவிட வேகமாகப் போகும்.